பெட்ரோலுக்கும் சேதாரம் உண்டு

எங்கள் அப்பாவுக்குத் தராசின் மேல் இருந்த நம்பிக்கை ஏகாம்பரநாதர் மேல்கூட இருந்ததில்லை. தறிக்காரர்களுக்குப் பட்டு நூலை நிறுத்துக் கொடுப்பார். சேலையாகி வந்ததும் அதையும் நிறுத்துப் பார்ப்பார். சேதாரத்துக்கு மேல் எடை குறைந்தால் யாரோ நூலை எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தத் தராசில் ஒருநாள் எங்கள் காரையும் ஏற்றிவிட்டார்.

செகண்ட் ஹாண்டில் வாங்கிய கார் அது. சேலைகளைச் சென்னைக் கடைகளுக்குக் கொண்டுபோவது சித்தப்பாவின் வேலை. வாங்கிய புதிதில் கொஞ்சமாகக் குடித்த கார், வருடம் போகப் போக மொடாக்குடி குடித்தது. பெட்ரோல் குறைந்தால் எடுத்தவர் ஒருவர் இருந்தாக வேண்டுமே. சாவி சித்தப்பாவிடம்தான் இருந்தது.

அப்பா வாய்திறந்து எதுவும் கேட்கவில்லை. அதுதான் மோசம். அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் சாப்பிட்டார்கள். சித்தப்பா ரோஷத்தில் வீட்டைவிட்டே போய்விடுவாரோ என்று அம்மா பயந்தாள். எனக்கு அதைவிடப் பயம். பள்ளிக்கூடம் விட்டதும் என்னை ஏற்றிக்கொண்டு ஐயம்பேட்டை வரை போய், ஒரு தையல் கடை வாசலில் நிறுத்திக் கோலி சோடா வாங்கித்தர இன்னொரு சித்தப்பாவுக்கு நான் எங்கே போவேன்?

"கொஞ்ச நாளு நீங்களே ஓட்டிப் பாருங்களேன்" என்றாள் அம்மா.

அப்பா ஓட்டினார். அப்போதும் டேங்க் கிட்டத்தட்ட அதே வேகத்தில் காலியானது. தன்னையே திருடன் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் மெக்கானிக்கிடம் போனார். நானும் சித்தப்பாவும் பின்சீட்டில் இருந்தோம்.

"டயர்ல காத்து கம்மி. பிரேக்கு சக்கரத்தப் புடிச்சிக்கினே இருக்குது. ஃபில்டரப் பாருங்க, மூச்சு வுட வழியில்ல. இஞ்சினும் தேஞ்சிபோச்சு. வயசான வண்டி கூடத்தான் குடிக்கும்பா" என்றார் மெக்கானிக்.

ஃபில்டரைத் தட்டியதும் தூசியோடு பட்டுப் பிசிறும் கொட்டியது. தறிக்கொட்டகை ஓரத்திலேயே நின்ற கார் அல்லவா. அப்பா அந்தப் பிசிறைக் கையில் வாங்கி, பழக்கதோஷத்தில் எடை பார்ப்பதுபோல் ஆட்டினார். பிறகு சிரித்துவிட்டார். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. சாவியைச் சித்தப்பாவிடம் நீட்டினார்.

"நீயே ஓட்டுடா. எனக்குக் காலு வலிக்குது."

என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. சித்தப்பா கோபித்துக்கொள்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வண்டிக்கு வயசாயிடுச்சுண்ணா, அவ்ளோதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தப்பே செய்யாதவருக்கு எங்களைவிட நிம்மதி எதற்கு என்று அன்று யோசித்தேன்.

அடுத்த ஆவணியில் அந்தத் தையல் கடை அக்கா எங்கள் வீட்டுக்குச் சித்தியாக வந்தாள். ரிப்பேரில் ஏற்கெனவே கொஞ்சம் அடங்கியிருந்த கார், அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் குறைவாகக் குடித்தது. பார்ப்பவர்களிடமெல்லாம் அப்பா மெக்கானிக்கைப் புகழ்ந்தார். நானும் அப்படியே நம்பினேன். கோலி சோடா குடிக்க ஐயம்பேட்டைக்கு ஏன் இப்போதெல்லாம் போவதில்லை என்பதுதான் எனக்குப் புரியவேயில்லை.