எடை பார்த்தேன், சத்தம் பார்க்கவில்லை

மரக்காணத்தில் தனியாக இருக்கும் என் பெரியம்மாவால் குனிந்து பெருக்க முடிவதில்லை. உப்பளக் காற்றோ, கதவைத் திறந்தாலே கூடமெல்லாம் மணலைக் கொட்டிவிடும். பாண்டிச்சேரியில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு கையால் தூக்கக்கூடிய, விலை குறைந்த வாக்குவம் கிளீனர் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சவுதியிலிருந்து அவர் மகன் ரபீக் என்னைப் பதற்றத்துடன் கூப்பிட்டான். "அக்கா, அம்மா போனே எடுக்க மாட்டேங்குறாங்க. கொஞ்சம் போய்ப் பாரேன்."

அடுத்த தெருவிலிருந்து ஓடினேன். உள்ளே கிளீனர் இரைந்துகொண்டிருந்தது. பெரியம்மா நிதானமாகக் கட்டிலுக்கடியில் மணல் எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பக் கூப்பிட்டபோது ரபீக் வேலைக்குப் போய்விட்டிருந்தான். வாரத்தில் அந்த ஒரு நாள், வேலைக்குக் கிளம்பும் முன் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில்தான் அவனால் பேச முடியும்.

மறுநாளே கிளீனர் பெட்டிக்குள் போனது. "வெயிட்டே இல்லம்மா, நல்லாத்தான் இருக்குது. ஆனா அது ஓடினா புள்ள கூப்புடுறது காதுல விழல" என்றார்.

இப்போதெல்லாம் எந்த மெஷினையும் கடையிலேயே ஓடவிட்டுக் கேட்ட பிறகுதான் வாங்குகிறேன். வெள்ளிக்கிழமைகளில் பெரியம்மா வீட்டுக் கிளீனரை நானே போய் ஓட்டுகிறேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். நடுவில் நிறுத்தினால், "ஏம்மா, போன் அடிச்சுதா?" என்று கேட்பார்.

போன் அவர் கையில்தான் இருக்கும்.