கிரேனும் அரைக் கிலோவும்

கிரேன் என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். சொந்தப் பெயர் அவர் வேலை பார்த்த உதிரிபாகக் கிடங்கின் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஓய்வு பெற்றதும் அதுவும் போயிற்று.

இருபத்தைந்து வயதில் நூற்றிருபது கிலோவைத் தலைக்கு மேல் தூக்கிய மனிதர். சைக்கிள் கடைக்கு மாடியில் இருந்தது அவர் பயிற்சி செய்த உடற்பயிற்சிக் கூடம். மரப்படி ஏறும்போதே துருவும் வியர்வையும் கலந்த வாடை மூக்கில் ஏறும். பாரத்தைத் தொப்பென்று கீழே போடும்போதெல்லாம் புதுச் சைக்கிள்களின் மேல் சுண்ணாம்பு உதிர, கடைக்காரர் சண்டைக்கு வந்துவிடுவார். அவர் திட்டியதைக்கூடக் கிரேன் இப்போது ஆசை ஆசையாகச் சொல்வார். எல்லாவற்றையும்விட ஆசையாகச் சொல்வது, போட்டிகளில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றி. காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சு வேலை. மூன்று வருடம், ஒரு போட்டி விடாமல் வந்தாள். பிறகு கல்யாணம். நான் தூக்குகிற அழகைப் பார்த்து மயங்கியவள் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். மனைவி ஆமென்றதும் இல்லை, இல்லையென்றதும் இல்லை.

முப்பது வருடம் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக் கழுத்தை ஒருக்களித்தே தட்டச்சு செய்ததில் அவளுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்துபோயிற்று. வலது கையில் பலம் குறைந்து, தலைவாரச் சீப்பைத் தூக்குவதே பெரும்பாடாகிவிட்டது. தோளையும் முதுகையும் சின்ன எடைகளால் பலப்படுத்தாவிட்டால் கை இன்னும் மோசமாகும் என்று சொன்ன மருத்துவர், பிசியோதெரபிஸ்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வீட்டிலேயே ஆளிருக்க வெளியே எதற்கு என்று கிரேன் அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இவருக்குத்தான் எல்லாம் தெரியுமே!

மறுநாள் மூன்று கிலோ டம்பெல் வாங்கி வந்தார். அந்தக் காலத்தில் உடற்பயிற்சிக் கூடத்தில் எல்லோருக்கும் சொன்னதையே அவளுக்கும் சொன்னார்: மூச்சைப் பிடி, மோவாயைத் தூக்கி விட்டத்தைப் பார், தலைக்கு மேல் ஏற்று. நாலாவது தடவை அவள் முகம் வெளுத்தது. கழுத்திலிருந்து விரல் நுனிவரை ஷாக் அடித்த மாதிரி இருந்தது என்றாள்.

புதிதாக எதுவும் கெடவில்லை, தப்பித்தீர்கள் என்றார் மருத்துவர். இரண்டு வாரம் கழுத்துப் பட்டை. பட்டையைக் கழற்றிய பிறகும் அவள் எடைப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திட்டவும் இல்லை, திட்டியிருந்தால் கிரேன் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். காலையில் அவளுக்குத் தலைவாரிவிட்டார். வகிடு கோணலாகவே வந்தது. கையிலிருந்து சீப்பு நழுவும்போதெல்லாம் அவள் விரல்களை வெறித்துப் பார்ப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் சீட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். பிசியோதெரபிஸ்ட் அவர் மகள் வயதுப் பெண். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் கையிலேயே அரைக் கிலோவைக் கொடுத்து, முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, நேரே பார்த்து, வீசாமல் மெல்லத் தூக்கச் சொன்னாள். கிரேனுக்குச் சிரிப்பு வந்தது. ஆறாவது தடவையிலேயே, தோள் காதுக்கு ஏறுகிறது என்று நிறுத்திவிட்டாள். உங்கள் வீட்டம்மாவை அழைத்து வாருங்கள், நான் பார்க்காமல் எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. வா, தெரிஞ்சவங்ககிட்ட போவோம்" என்றார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த வாயிலிருந்து தெரியாது என்று அவள் கேட்டதில்லை. மறுநாள் கிளம்பினாள்.

பிசியோதெரபிஸ்ட் அவள் கழுத்தையும் கையையும் பொறுமையாகச் சோதித்தாள். அரைக் கிலோதான், தோள் உயரத்துக்கு மேல் வேண்டாம், தூக்கும்போது மூச்சை வெளியே விடணும், கை மரத்தால் உடனே நிறுத்தணும் என்றாள். எண்ணுகிற வேலை கிரேனுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு வந்தவர் நான்கில் நின்றுவிட்டார். கண்களை இறுக மூடியிருந்தார்.

"கண்ணைத் திறங்க. எனக்கு வலிக்கல" என்றாள் மனைவி.

அவர் திறக்கவில்லை.

"நீங்க மேடையில நிக்கும்போது நானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மூணு வருஷமும். இரும்பு கீழ விழுற சத்தம் கேட்டப்புறம்தான் கண்ணைத் திறப்பேன்."

கிரேன் சட்டென்று கண்களைத் திறந்தார். "ஒரு தடவைகூடப் பார்க்கலையா? அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா தூக்குறதையே விட்டிருப்பீங்க."

சொல்லிவிட்டு மூச்சை மெல்ல வெளியே விட்டுக் கையை உயர்த்தினாள். கிரேன் அவளைப் பார்த்துக்கொண்டே, ஐந்து என்றார்.