பழவேற்காட்டில் எந்தப் படகில் ஏறுவது?

பழவேற்காட்டுக்கு எப்படிப் போவது, அங்கே எந்தப் படகில் ஏறுவது என்று சென்ற மாதம் மூன்று பேர் கேட்டிருந்தார்கள். வழி சொல்வது சுலபம். படகு விஷயத்துக்குத்தான் நான் அங்கே முதன்முதலில் போன கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1974, பொங்கல் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். பொன்னேரியில் குடியிருந்தோம். என் கணவர் தேவராஜ் தினமும் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டி போய், இரும்புக் கம்பி செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்தார். அதன் முதலாளி கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். பொங்கலுக்கு எனக்குப் புடவை எடுத்துக் கொடுத்தவர். அவருக்கு அந்த வருடம் ஒரு புது யோசனை வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ராஸிலிருந்து கார் வைத்துக்கொண்டு பழவேற்காடு வருகிறார்களே, அவர்களை மோட்டார் படகில் ஏற்றி ஏரியைத் தாண்டி மணல் திட்டுக்குக் கொண்டுபோவது, அங்கே நாற்காலி போட்டுச் சோடா, கலர் விற்பது. பழைய படகு ஒன்றை வாங்கி, அதற்கு என் கணவரை விட்டே எஞ்சின் பொருத்தினார். முதல் சவாரிக்குத் தொழிற்சாலைக் குடும்பங்களைக் கூப்பிட்டார். இலவசம்.

பொன்னேரியிலிருந்து காலை ஏழரை பஸ். பதினெட்டு கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. டிக்கெட் எழுபது பைசா என்று நினைவு. வழியெல்லாம் நெல் வயல், பிறகு பனை, அப்புறம் ஒன்றுமே இல்லாத வெள்ளை உப்புத் தரை. பஸ் நிற்கும் இடத்தில் எங்களுக்கு முன்பே நாலு ஐஸ் லாரிகள் நின்றிருந்தன. அப்போது இறாலுக்கு வெளிநாட்டில் கிராக்கி. மெட்ராஸ் ஏஜென்டுகள் கரையிலேயே காத்திருந்து வாங்கிப் போனார்கள். ஊரில் பாதிப் பேர் இறாலை நம்பி இருந்தார்கள். மீதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் மேல் ஆசை வந்திருந்தது. நாங்கள் இட்லி சாப்பிட்ட கடைக்காரர், மோட்டார் படகு வந்தால் இன்னொரு அடுப்பு போடப் போவதாகச் சொன்னார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர், "வந்தாத்தான் பேஜாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பத்து மணிக்குப் படகு கிளம்பியது. குழந்தைகளோடு சேர்த்துப் பதினைந்து பேர். படகோட்டி காசிமேட்டிலிருந்து வந்த ஆள், கடல் தெரிந்தவர், இந்த ஏரி அவருக்குப் புதிது. முதலாளி அவர் பக்கத்தில் நின்றார். என் கணவர் பின்னால் எஞ்சினுக்கு அருகில். எனக்குத் தண்ணீர் பார்க்க ஆசை, அதனால் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

முக்கால் மணி நேரம் போயிருப்போம். தண்ணீருக்கு மேல் வரிசையாகக் கழிகள் தெரிந்தன. ஒன்றின் உச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. நான் திரும்பி, எதிரே கழி இருக்கிறது என்று சொன்னேன். படகோட்டி வேகத்தைக் குறைத்தார். சுற்றிப் போனால் அரை மணி ஆகும் போலிருந்தது. முதலாளி, "இவனுங்க ஏரி முழுக்க நட்டுத்தான் வச்சிருப்பானுங்க, நீ நேரா போ" என்றார். படகோட்டி தயங்கினார். முதலாளி மறுபடியும் சொன்னார். நேராகப் போனோம்.

கழி ஒன்று முறிந்த சத்தம் கேட்டது. உடனே எஞ்சின் இருமிவிட்டு நின்றுபோனது. பின்னால் எட்டிப் பார்த்தால், தண்ணீருக்குள் சுழலும் எஞ்சின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டு பந்தாக இருந்தது. யாரோ சிரித்தார்கள்கூட. கொஞ்ச நேரம் கழித்துத்தான் படகு நிற்கவில்லை என்பதைக் கவனித்தோம். தண்ணீர் வடிகிற நேரம் அது. ஏரித் தண்ணீர் முழுக்க முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வலையோடும் இரண்டு கழியோடும் நாங்களும் போய்க்கொண்டிருந்தோம். நங்கூரம் போட்டார்கள், அது மணலில் பிடிக்காமல் இழுபட்டு வந்தது. தூரத்தில் வெள்ளையாக அலை உடைவது தெரிந்தது. குழந்தைகளை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு நீச்சல் தெரியாது.

முதலாளி கத்தியைக் கொடுத்து, வலையை அறுத்துவிடச் சொன்னார். என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். கழுத்தளவுக்கு மேல் ஆழம். ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கத்தியை வைக்கப் போனபோது, இரண்டு சின்னப் படகுகள் கழி ஊன்றி வேகமாக வந்தன. முன்னால் வந்தவர் சத்தம் போட்டார்.

"அறுக்காத நைனா. கயிறு போடறோம், புடி."

அறுத்தால் எஞ்சின் ஓடும், தப்பித்துவிடலாம். கயிறு வந்து சேருமா என்று தெரியாது. முதலாளி மேலிருந்து அறு, அறு என்கிறார். என் கணவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கத்தியைப் படகுக்குள் எறிந்துவிட்டுக் கையை நீட்டினார். முதல் கயிறு எட்டவில்லை. இரண்டாவது எட்டியது.

அவர்கள் எங்களை இழுத்து மணல் திட்டில் சேர்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எல்லாரும் பத்திரமாக இறங்கினோம். ஆனால் அதோடு முடியவில்லை. அந்தத் திட்டில் இருந்த மீனவர் குப்பத்துப் பெண்கள், ஆண்கள் எல்லாரும் திரண்டு வந்து எங்களைச் சுற்றி நின்றார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அதுவே பயமாக இருந்தது.

கயிறு போட்டவர் பெயர் ஆறுமுகம், குப்பத்துப் பெரியவர். அவர் சொல்லித்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள், அதற்குப் பாடு என்று பெயர். நல்ல இடம் ஒரு குடும்பத்துக்கு எப்போதாவதுதான் வரும். அன்றைக்கு அஞ்சலை என்கிற பெண்ணின் குடும்பத்துப் பாடு. வலையும் போனது, முறையும் போனது.

முதலாளி விட்டுக்கொடுக்கவில்லை. கழி கண்ணுக்கே தெரியவில்லை, கொடியும் கிடையாது, படகு போகிற வழியில் வலையை மறைத்துக் கட்டியிருக்கிறார்கள், பொன்னேரி போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்றார். அப்படி எழுதிக் கொடுத்தால் அந்த வழியில் இனி வலையே கட்டக் கூடாது என்று உத்தரவு வந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆறுமுகம் படகோட்டியைப் பார்த்தார், அவர் மணலைப் பார்த்தார். கழி தெரிந்ததா என்று என் கணவரைக் கேட்டார். அவர் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு, வாயைத் திறந்து மூடினார்.

அப்போது அஞ்சலை என் முன்னால் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும்.

"நீதான முன்னால குந்திக்கினு வந்த. கழி தெரிஞ்சுதா, தெரியலியா? அத மட்டும் சொல்லு."

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு வாடகை, மளிகைக் கடை, கணவருக்கு மூன்று மாதம் முன்புதான் நிரந்தரமான வேலை, எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது.

"தெரிஞ்சுது. செவப்புத் துணியும் தெரிஞ்சுது. நான் சொன்னேன். டிரைவர் நிறுத்தத்தான் போனாரு. மொதலாளிதான் நேரா போகச் சொன்னாரு."

 ஆறுமுகம் தலையாட்டிவிட்டு, முதலில் பெண்களையும் பிள்ளைகளையும், பிறகு ஆண்களையும் அக்கரையில் கொண்டுபோய் விடச் சொன்னார். புது வலை வரும் வரை படகும் எஞ்சினும் அங்கேதான் என்றார். முதலாளி அதற்குப் பிறகு போலீஸ் பேச்சை எடுக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் தொழிற்சாலைக்காரர்கள் ஒருவரும் உட்காரவில்லை. பொன்னேரியில் இறங்கி நடக்கும்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார்.

"நான் சொல்லியிருக்கணும் வசந்தா. எனக்கு வாய் வரல."

"வுடுங்க. குளிருது, வூட்டுக்குப் போலாம்" என்றேன். 

அடுத்த சனிக்கிழமை அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. கையிலிருந்தது கரைந்துகொண்டே வந்தது. ஒருநாள் பொன்னேரிச் சந்தையில் மீன் விற்க வந்த அஞ்சலையைப் பார்த்தேன். விவரத்தைக் கேட்டுவிட்டு, பழவேற்காட்டில் இறால் உரிக்கிற கொட்டகைக்கு வேலைக்கு வரச் சொன்னாள். எனக்காக இரக்கப்பட வேண்டாம் என்று வீறாப்பாகச் சொன்னேன்.

"உனக்காவ இல்ல. ஆளு வேணும். இறா கொட்டிக் கெடக்குது" என்றாள்.

மறுநாளே போனேன். முதல் வாரம் விரல் நுனியெல்லாம் வெடித்து, ரசம் சாதத்தைப் பிசைய முடியவில்லை. ஏப்ரலில் அவருக்கு எண்ணூரில் வேலை கிடைத்தது. அதைச் சொல்ல அவரே பஸ் பிடித்துக் கொட்டகைக்கு வந்து வாசலில் நின்றார். கூடை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் உரித்து முடித்தேன். மழைக்காலம் வரைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குள் முதலாளி புது வலை வாங்கிக் கொடுத்துப் படகை மீட்டுப் போயிருந்தார், குப்பத்துக்காரர்களும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களைத் தங்கள் படகிலேயே ஏற்றுவது, வலைக்கு முறை வைப்பதுபோல அதற்கும் முறை வைப்பது. இட்லிக் கடைக்காரர் எப்படியோ இரண்டாவது அடுப்பையும் போட்டுவிட்டார்.

இனி நீங்கள் கேட்ட விவரம். சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். விடிகாலையில் கிளம்பினால் ஒரே நாளில் திரும்பலாம். பறவைகளுக்கு ஜனவரி, பிப்ரவரி நல்லது. படகுச் சவாரிக்கு அவ்வப்போது தடை போடுகிறார்கள், போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மிதவைச் சட்டை கொடுக்காத படகில் ஏறாதீர்கள். ஏறும் முன் அந்தப் படகு எந்த ஊருடையது, ஓட்டுபவருக்கு ஏரி பழக்கமா என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நான் இப்போது போனாலும் கழி ஊன்றும் படகு கிடைக்கிறதா என்றுதான் தேடுவேன். ஓடுகிற எஞ்சின் திடீரென்று நின்றால், என் கை இன்றைக்கும் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளும், அவர் யாராக இருந்தாலும். கழிப் படகில் நேரம் அதிகம் ஆகும், மத்தியான பஸ்ஸை நிச்சயம் விட்டுவிடுவீர்கள். பரவாயில்லை, நாலு மணிக்கு இன்னொன்று இருக்கிறது.