இல்லாத இடத்தில் இழுத்த கோடு

இலவசமாக ஒன்றைக் கொடுப்பவனுக்கு நன்றி எப்போதாவது வரும். புகார் தினமும் காலையில் வந்துவிடும். எண்களைக் கொடுத்தால் கிராஃப் வரைந்து தரும் ஒரு லைப்ரரியை நானும் காதரும் பராமரித்துவந்தோம். நான் பாளையங்கோட்டை, அவன் மேலப்பாளையம். லைப்ரரி என்றால் மற்றவர்கள் தங்கள் மென்பொருளுக்குள் எடுத்துப் பொருத்திக்கொள்ளும் நிரல். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம், திட்டலாம். ஆரம்பித்தவர் எப்போதோ கைகழுவிவிட்டுப் போய்விட்டார். இதுபோல ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுபவராக நீங்களும் இருந்தால், இது உங்களுக்குத்தான்.

பந்தியில்

அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சித்தப்பா, நான் என்னதான் வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், சுற்றி வளைத்துப் பேசினால் பிடிக்காது. போனை எடுத்து ஒரு வருஷத்து மழையின் கிராஃபைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சாம்பார் வந்தது, வாங்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"கோடு போடுததுக்கா இவ்வளவு படிச்சே? வீட்டுல ஸ்கேல் இல்லியாலே?"

ஓட்டை பிடிக்காதவர்கள்

எங்கள் லைப்ரரிக்கு ஒரு பழைய குணம் இருந்தது. நடுவில் சில எண்கள் வராமல் போனால் அந்த இடத்தைக் காலியாக விடாது. முந்தைய புள்ளியையும் அடுத்த புள்ளியையும் ஒரு நேர்கோட்டால் சேர்த்துவிடும். பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் புளுகு. காலியாக விடச் சொல்லவும் வழி உண்டு, அதைத் தேடிப் பிடித்து நாமே சொல்ல வேண்டும். முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

காதருக்கு இந்தக் குணம் ஆகவே ஆகாது. சொல்லாவிட்டாலும் காலியாகவே விடும்படி மாற்றப்போகிறோம் என்று லைப்ரரியின் பொதுப் பக்கத்தில் எழுதினான். எங்கெங்கோ இருந்து எதிர்ப்பு வந்தது. சென்னைக் கம்பெனிக்காரர் ஒருவர் தமிழிலேயே எழுதியிருந்தார்.

"கிராஃப்ல ஓட்டை இருந்தா மேனேஜர் என்னைத்தான் கேட்பார், உங்களை இல்லை."

அடுத்த பதிப்பு

எங்கள் தொழிலில் எதையும் திடுதிப்பென்று மாற்றக் கூடாது. இந்தப் பதிப்பில் 'இது மாறப்போகிறது' என்று ஓர் எச்சரிக்கை. அடுத்த பெரிய பதிப்பில்தான் மாற்றம். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியிலோ மில்லிலோ நம் நிரலை நம்பி ஒரு திரை ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா? நல்ல வழக்கம்தான், இப்போதும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

காதர் திருத்தத்தை எழுதி முடித்துவிட்டான். எச்சரிக்கையும் போட்டாயிற்று. திருத்தம் மட்டும் அடுத்த பதிப்புக்காகக் காத்துக் கிடந்தது. வெளியே மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. டீக்கடையில் ஒதுங்கி நின்றபோது காதர் அலுத்துக்கொண்டான்.

"எச்சரிக்கையெல்லாம் எவன் வே படிக்கான்?"

நேர்கோடு

காதரின் ராத்தா, அதாவது அவன் அக்கா, வாழ்க்கைப்பட்டது ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில், ஆற்றோரத்தில். அங்கே ஓர் ஆசிரியர் பாலத்தில் கருவி ஒன்றைப் பொருத்தி, ஆற்றின் மட்டத்தை ஊரே போனில் பார்க்கும்படி செய்திருந்தார். கிராஃப் வரைவது எங்கள் லைப்ரரி. அதில் காதருக்குத் தனிப் பெருமை.

மழை விடாமல் கொட்டிய அன்று கருவி காலையிலேயே நின்றுபோனது. மத்தியானத்துக்கு மேல் ஒரே ஒரு தடவை உயிர்வந்து, காலையில் அனுப்பிய அதே அளவைத் திரும்ப அனுப்பிவிட்டு அடங்கியது. இரண்டு புள்ளிக்கும் நடுவே எங்கள் லைப்ரரி நேராக ஒரு கோடு இழுத்தது. ராத்தா போனில் கூப்பிட்டு, மச்சான் சாமான்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறார், இருக்கவா, கிளம்பவா என்று கேட்டார். காதர் கிராஃபைப் பார்த்தான். அந்தக் கோடு எப்படி வருகிறது என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. அவனே அதை நம்பினான்.

ஆறு வீட்டுக்குள் புகுந்தபோது ராத்தாவும் பிள்ளைகளும் பக்கத்து மாடிக்கு ஏறித் தப்பினார்கள். மச்சான் மவுத்தாகிவிட்டார். துக்கம் கேட்கப் போனேன். காதர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"கோடு ஏறல, அவசரமில்ல, பைய கிளம்புங்கன்னு நான்தான் வே சொன்னேன்."

திடுதிப்பென்று

அந்த வாரமே வழக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு காதரின் திருத்தத்தை வெளியிட்டேன். மறுநாள் காலையில் புகார்கள் குவிந்து கிடந்தன. ஒருவருக்கு அறிக்கை கெட்டுவிட்டது, இன்னொருவருக்குத் திரை முழுக்கப் பொத்தலாம். பழையபடி மாற்று என்று எல்லோரும் ஒரே குரலில் நின்றார்கள். காரணத்தை நான் எழுதவில்லை. ஒரு வீட்டுச் சாவை அங்கே கொண்டுபோய் வைத்து விவாதம் பண்ண மனம் வரவில்லை.

காதர் அதற்குப் பிறகு நிரலைத் தொடவே இல்லை. தனியாக நின்று திட்டு வாங்கியதில், பழையபடி ஆக்கித் தொலைத்துவிடலாமா என்று எனக்கே ஒரு கட்டத்தில் தோன்றியது. அந்தச் சென்னைக்காரரும் மறக்காமல் வந்திருந்தார்.

"ரெண்டு பேர் இஷ்டத்துக்கு மாத்த இது என்ன உங்க வீட்டுச் சொத்தா?"

ராத்தா கேட்டது

கணவரை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் முடிந்து, ராத்தா மேலப்பாளையத்துக்கு வந்திருந்தார். பார்க்கப் போனேன். டீ கொடுத்துவிட்டு, அன்றைக்குக் காதர் பார்த்த படத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்றார். காதர் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஆசிரியரின் பக்கம் இதற்குள் எங்கள் புதுப் பதிப்புக்கு மாறியிருந்தது. அதே நாள், அதே எண்கள். காலைவரை ஒரு கோடு, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, மத்தியானத்துக்கு மேல் தன்னந்தனியாக ஒரு புள்ளி. முன்பு அந்த இடத்தில் ஒரு கோடு இருந்ததையும், அது எப்படி வந்தது என்பதையும் அவருக்குச் சொன்னேன். ராத்தா அந்தக் காலியிடத்தில் விரலை வைத்தார். யாரையும் திட்டவில்லை.

"இங்கன இப்படி வெறிச்சோடிக் கிடந்திருந்தா, நாங்க அப்பவே வெளிய வந்திருப்போம்லா தம்பி."

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எங்கள் லைப்ரரி ஒருவழியாகக் கற்றுக்கொண்டுவிட்டது, அதை எதிர்த்து இன்று காலையிலும் ஒரு புகார் வந்திருக்கிறது.