மூன்றில் ஒரு பங்கு

காஞ்சிபுரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்த காலம் முழுக்க பிள்ளைகளுக்கு நான் வைத்த கேள்விகளில் ஒன்று, "பின்வரும் பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுக." ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதைக் கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் கொண்டுவந்தேன்.

ஜன்னலோரம் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. காலையில் காபி ஆறுவதற்குள் அதைத் திறந்து, அன்றைய வேலைகளை ஒரு பட்டியலாகப் போடுவேன். கரண்ட் பில், காஸ், பென்ஷன், ஆசிரியர் சங்கத்துக் கூட்டம். முடித்ததைப் பச்சையாக்குவேன். இரவு படுப்பதற்குள் போனில் வந்த செய்திகள் எல்லாவற்றையும் படித்து, பதில் போட்டு, அழித்துவிடுவேன். படிக்காதவை பூஜ்யம் என்று பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். குரல் செய்தி வந்தால் இரட்டை வேகத்தில் ஓடவிடுவேன். மனிதர்கள் சொல்ல வந்ததைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு சலிப்பு.

வீட்டில் போன் அது ஒன்றுதான். என் மனைவி தனக்கும் ஒன்று வேண்டும் என்று இரண்டு மூன்று முறை கேட்டிருக்கிறாள். கவனம் சிதறும், என் நம்பரே போதும் என்று சொல்லிவிட்டேன். எல்லாம் என் வழியாகப் போய்வருவது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மையான காரணம். அன்று அதை நான் எனக்குக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

அவளுடைய அக்காவை வாலாஜாபாத்தில் கொடுத்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பு அக்கா, தங்கை இருவரும் ஒரே தறியில் உட்கார்ந்து நெய்தவர்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஊடு நூலைச் சுமந்து ஓடும் நாடாக்களில் உடல் நாடாவை அக்கா தள்ள, தங்கை பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவாள். பேச்சும் அந்தத் தாளத்திலேயே நடக்குமாம். கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி தறியை விட்டுவிட்டாள். அக்கா விடவில்லை.

அந்த அக்கா என் போனுக்குத்தான் குரல் செய்தி அனுப்புவார். நெய்துகொண்டே பேசுவார். ஒரு வாக்கியம், பிறகு இழையை நெருக்கும் பலகை அடிக்கும் சத்தம், பிறகு நாடா ஓடும் சத்தம், பிறகு பாதி வாக்கியம். சில சமயம் தறிச் சத்தம் மட்டுமே வெகுநேரம் ஓடும். இரட்டை வேகத்தில் அது தகர டப்பாவில் கல் போட்டு உலுக்கியதுபோல இருக்கும். நான் கேட்டு முடித்து, சமையலறைப் பக்கம் திரும்பி, "உங்க அக்கா சௌக்கியம். முட்டி வலியாம். பொண்ணு கோயிலுக்குப் போய்ட்டு வந்தாளாம்" என்பேன். அவள் "சரி" என்பாள். சில நாள், வேறு ஒன்றும் சொல்லலையா என்று கேட்பாள். இல்லை என்று சொல்லி அழித்துவிடுவேன். ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தது.

இந்த ஆண்டு மழைக்கு முன்பு அந்த அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார். வலப் பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் என் மனைவி கேட்டாள்.

"அக்கா பேசனது ஒண்ணு போடுங்க. குரலைக் கேக்கணும்போல இருக்குது."

போனைத் திறந்தேன். அவர் பெயருக்குக் கீழே வெள்ளையாக இருந்தது.

"இல்ல" என்றேன்.

"ஒண்ணுகூடவா?"

நான் தலையாட்டினேன். அவள் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தாள்.

அந்தக் குரலைக் கண்டுபிடித்துத் தருவது என்று அப்போதே முடிவு செய்தேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் மொபைல் கடைக்குப் போனேன். கடைக்காரர் போனை எதனுடனோ இணைத்து, திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "சார், இவ்ளோ கிளீனா வெச்சுக்கினு இருக்கிற போனை நான் பாத்ததேயில்ல" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். வேறு இரண்டு கடைகளிலும் கேட்டேன். அக்கா வீட்டுப் போனிலும் இல்லை. பழையது தண்ணீரில் விழுந்து, இது புதிதாக வாங்கியதாம்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போலப் பட்டியலைத் திறந்தேன். அடியில், பச்சை ஆகாமல், ஒரு வரி இருந்தது: பழைய போன், ஒழுங்குபடுத்தி அழிக்க. முந்தைய போனை மாற்றியபோது அதில் இருந்ததை எல்லாம் அப்படியே கம்ப்யூட்டரில் கொட்டி வைத்திருந்தேன். குப்பையாகக் கிடக்கிறதே என்று ஒவ்வொரு வாரமும் அந்த வரியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். நான் செய்யாமல் விட்ட ஒரே வேலை அது. அந்தப் போனை வாங்கிய புதிதில் எனக்கு இந்த அழிக்கும் பழக்கமும் அவ்வளவாக முற்றியிருக்கவில்லை.

திறந்தால், குரல் செய்திகள் நூற்றுக்கணக்கில். அனுப்பியவர் பெயர் இல்லை, வெறும் வரிசை எண்கள். யார் பேசியது என்று தெரிய ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் உண்டு. முதல் இரண்டு மூன்று நொடி கேட்டுவிட்டுத் தாண்டிவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"தாண்டாதீங்க" என்றாள். "அக்கா ஒடனே பேசமாட்டா. ஓடட்டும், நான் வேலையப் பாத்துக்கினு கேக்கறேன்."

அப்படியே ஓடவிட்டேன், சாதாரண வேகத்தில். சங்கத்து நண்பர் ஒருவர் பென்ஷன் ஆணையை முழுதும் வாசித்தார். பால்காரர் நாளைக்கு வரமாட்டேன் என்றார். யாரோ ஒரு பழைய மாணவன் தன் குழந்தையைப் பாடவைத்திருந்தான். அதை அன்று நான் கேட்டு முடித்தேனா என்று எனக்கே நினைவில்லை. எத்தனை பேர் எவ்வளவு பொறுமையாக என்னிடம் பேசியிருக்கிறார்கள். கை இரண்டு முறை வேகத்தைக் கூட்டப் போனது. இழுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் முற்பகல். ஸ்பீக்கரில் பேச்சே இல்லை. தட், தட் என்று ஒரு சத்தம் மட்டும். பையில் இருந்த போன் தானாகப் பதிந்தது என்று நான் நினைத்திருப்பேன். மனைவி ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"அக்கா தறி."

சற்று நேரம் சத்தம் மட்டும் ஓடியது. பிறகு குரல் வந்தது.

"ஏ பாப்பா, என்னா பண்ற? இத உங்க வாத்தியாரு கேட்டுட்டுதான் உனக்குச் சொல்லுவாரு, எனக்குத் தெரியும்." தட், தட். "வாத்தியாரே, பரிச்சைக்கு வெக்கிற மாதிரி மூணுல ஒரு பங்கா சுருக்கிடாதீங்க. நான் பேசறதே கொஞ்சம். முழுசா அவ காதுல போடுங்க." நாடா ஓடியது. "தறி சத்தமா வருதேன்னு நிறுத்தாதீங்க. அதுவும் அவளுக்குத்தான்."

பிறகு அவர் சிரித்தார். அதன் பிறகு கடைசி வரை நெய்துகொண்டே இருந்தார். மனைவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய இடக் கை, இல்லாத கரை நாடாவை வாங்குவதுபோல ஒவ்வோர் அடிக்கும் லேசாக அசைந்தது.

இது எனக்குப் புதிதல்ல. அன்றே கேட்டிருக்கிறேன். இரட்டை வேகத்தில், ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் புரியும்படி கேட்டிருக்கிறேன். அதை மனைவியிடம் சொன்னேன்.

"அன்னிக்கி எங்கிட்ட என்னா சொன்னீங்க?"

"உங்க அக்கா விசாரிச்சாங்கன்னு சொன்னேன்."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"விசாரிச்சாளா" என்றாள். பிறகு, "இன்னொரு தபா போடுங்க."

அன்று சாயங்காலமே அவளுக்குத் தனியாக ஒரு போனும் அவள் பெயரில் ஒரு நம்பரும் வாங்கினேன். கற்றுக்கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எதிர்வீட்டுப் பெண்ணின் போனில் எப்போதோ பழகியிருக்கிறாள். அதற்குள் கிடைத்த அக்காவின் நான்கைந்து செய்திகளையும் அவளுக்கு அனுப்பினேன். அவள் தினமும் அக்காவுக்குப் பேசி அனுப்புகிறாள். என்ன பேசுகிறாள் என்று நான் கேட்பதில்லை. அங்கே அக்காவின் மகள் போனைக் காதருகில் பிடிக்கிறாளாம்.

மீதிக் குரல் செய்திகளை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலையில் பட்டியலைத் திறப்பதற்கு முன்பு, சாதாரண வேகத்தில், வரிசையாக. இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. முடிக்காமல் விடப்போவதில்லை. என் போனில் படிக்காத செய்திகள் ஏறிக்கொண்டே போகின்றன. போகட்டும்.

போன வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பின்னால் மனைவியின் போனில் தறிச் சத்தம் கேட்டது. அக்காவின் தறியில் இப்போது மகள் உட்கார்கிறாள். பழக்க தோஷம், திரும்பாமலே கேட்டுவிட்டேன்.

"என்னா சொல்றாங்க?"

அவள் எழுந்து வந்து போனை என் கையில் வைத்தாள்.

"நீங்களே கேளுங்க. வேகமா ஓட்டாதீங்க."

காதில் வைத்தேன். தட், தட் என்று பலகை. நாடா. யாரோ மூச்சு வாங்குவது. மறுபடி பலகை. நான் நினைத்ததைவிட நீளமாக இருந்தது. நடுவில் ஒரு குரல் திக்கித் திணறி, "பா" என்றது. சற்றுப் பொறுத்து, மறுபடி, "பா." அவ்வளவுதான். அதன் பிறகு தறி மட்டும் ஓடியது.

போனைக் காதிலிருந்து எடுக்காமல், சத்தம் நிற்கும் வரை கேட்டேன்.