கோரிக்கையில் இல்லாத கண்மாய்

நான் வாழ்க்கைப்பட்ட ஊர், காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருந்தது. அறுபதுகளின் கடைசியில் நான் அங்கே போனபோது, கண்மாய்க்கு மேற்கே மாடுகள் மேய்ந்த புறம்போக்கில் ஒரு ரசாயன ஆலைக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. மேய்ச்சல் போகிறதே என்று யாரும் வருத்தப்பட்டதாக நினைவில்லை. மழையை நம்பிப் பிழைத்த ஊருக்கு மாதச் சம்பளம் என்பது பெரிய ஆசை. என் கணவருக்கு ஆலையின் அமிலத் தொட்டிப் பக்கம் வேலை கிடைத்தது.

அவருடைய அக்கா பக்கத்து வீட்டில் இருந்தாள். நான் மதினி என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். மாடு வைத்துப் பால் ஊற்றித்தான் தம்பியை வளர்த்து ஆளாக்கினாள்; எங்கள் கல்யாணத்தையும் அவளே முன்னின்று நடத்தினாள்.

ஆலை ஓடத் தொடங்கிய அடுத்த கோடையில் கண்மாய்த் தண்ணீர் மஞ்சளித்தது. மழை பெய்தால் சரியாகிவிடும் என்றார்கள். மழையும் பெய்தது. ஆலைக்குள் தேங்கிக் கிடந்த கழிவெல்லாம் அதோடு சேர்ந்து கண்மாயில் இறங்கியது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. பிறகு மதினியின் மாடுகளுக்கு வாய் புண்ணானது. நாக்குத் தோல் உரிந்து வைக்கோலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பசியோடு தீனித் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்று, ஒவ்வொன்றாக விழுந்தன.

ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் எங்கள் தெருக்காரர். வேலைநிறுத்தம் நடத்தி எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவர். மதினி என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

“நீக கேட்டீகன்னா அந்தக் கழிவை அங்குட்டே நிப்பாட்டுவாக.”

“இந்த வருசக் கோரிக்கையெல்லாம் எழுதிக் குடுத்தாச்சுக்கா. போனஸ், கையுறை, ஆஸ்பத்திரிச் செலவு. கண்மாய் அதுல இல்ல.”

“சேத்துக்கிருங்களேன்.”

“கண்மாயைப் பேசுனா ஆலையைப் பூட்டிட்டுப் போயிருவேங்கிறான் மொதலாளி. அப்புறம் ஊரே பட்டினி கெடக்கணும்.”

அவர் கெட்டவர் இல்லை. ஆலைக்குள் நடப்பதுதான் தொழிலாளியின் பிரச்சினை, சுவருக்கு வெளியே வந்துவிட்டால் அது யாருடையதும் இல்லை என்று உண்மையாகவே நம்பினார்.

கடைசி மாடு செத்த காலையில் மதினி அதை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். ஆலை வாசலுக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தி, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குச் சென்னையிலிருந்து முதலாளி வருகிற நாள். பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டு வந்த அவருடைய கார், வண்டிக்குப் பின்னால் நின்றுவிட்டது. கணவருக்குச் சாப்பாடு கொண்டு போன நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேலாளர் என் கணவரை வெளியே வரவழைத்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“உங்க அக்காதானே? போலீஸ் எதுக்கு? நீங்களே பேசி முடிச்சிட்டு உள்ளே வாங்க. முடியலேன்னா வர வேண்டாம்.”

என் கணவர் அவளிடம் போனார். “எந்திரிக்கா.”

“அந்தக் காருல இருக்கவுகளை எறங்கி வந்து தண்ணியைப் பாக்கச் சொல்லு. எந்திரிக்கிறேன்.”

அவர் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். அவள் சக்கரத்தை விடவில்லை. பூட்ஸ் காலால் அவள் விரல்களை மிதித்தார், பிடி விடும்வரை மிதித்தார். மற்றவர்கள் வண்டியைத் தள்ளிப் பள்ளத்தில் கவிழ்த்தார்கள். செயலாளரும் தோள் கொடுத்தார். நாற்றம் தாங்காமல் முதலாளி கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அவர் செய்தது அவ்வளவுதான். என் கணவர் என் கையிலிருந்து சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஊர்க் கிணறுகளும் கெட்ட பிறகு ஆலை லாரியில் குடிதண்ணீர் அனுப்பியது, தொழிலாளர் குடும்பங்களுக்கு மட்டும். அக்கா என்பவள் அந்தக் கணக்கில் வரமாட்டாள் என்றார்கள். நான் வீட்டுச் சுவருக்கு மேலே எட்டி மதினிக்கு ஒரு குடம் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, என் கணவர் குடத்தைப் பிடுங்கிக் கவிழ்த்தார். “வேலை போச்சுன்னா நீயா சோறு போடுவே?” என்றார். விரல்கள் மடங்காத கையோடு மதினி மதுரைக்குச் சித்தாள் வேலைக்குப் போனாள்.

எழுபதுகளின் நடுவில் என் கணவருக்கு முன்பற்கள் கரைந்தன. மூச்சு இரைத்தது. வேலைக்குத் தகுதியில்லை என்று ஆலை அவரை வீட்டுக்கு அனுப்பியது. படுக்கையில் விழுந்ததும் அக்காவைப் பார்க்க வேண்டும் என்றார். நான் மதுரைக்குப் போய், ஒரு கட்டட வேலையிடத்தில் அவளைக் கண்டுபிடித்தேன்.

“சாப்புட முடியுதா?” என்று கேட்டாள்.

“கஞ்சிதான் மதினி. அதுவும் தொண்டையில எறங்க மாட்டேங்குது.”

“எறங்காமலே கெடக்கட்டும். சீக்கிரம் போயிறக் கூடாது” என்று சொல்லிவிட்டுச் கலவைச் சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறினாள்.

வீட்டுக்கு வந்ததும், அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டார். வேலையை முடித்துவிட்டு வருவாள் என்றேன். வாசல் தெரிகிற மாதிரி தன்னைத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார். திருப்பிப் படுக்க வைத்தேன். அவர் சாக வெகுநாள் ஆயிற்று. மதினி வரவில்லை.