புதுச்சத்திரம் பக்கம் பப்பாளிப் பால் எடுக்கும் தோட்டம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நாலு பேர் முன்னால் பேசவே வராது, இதில் எழுத வேறு துணிந்துவிட்டேன்; பொறுத்துக்கொள்ளுங்கள். பப்பாளிப் பால் எடுப்பதைப் பார்க்கப் போகவேண்டும் என்று தோழிகள் சிலர் வழி கேட்டார்கள். அவர்களுக்காகவும் அந்தப் பக்கம் போகிற மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

நான் போனது இந்த வருஷம், 1984 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம். சுற்றிப் பார்க்க அல்ல. அக்காவின் இடது கண்ணில் பப்பாளிப் பால் விழுந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவளைச் சேலத்தில் கண் டாக்டரிடம் காட்டவேண்டும்.

சேலத்தில் நாமக்கல் பஸ் காலை 4.40க்கு. புதுச்சத்திரம் சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய் எண்பது காசு. ஆறு மணிக்கு இறங்கினேன்.

"இந்நேரத்துல தனியாவாங்க?" என்றார் கண்டக்டர்.

"அக்கா ஊட்டுக்குங்க."

"அப்பச் சரி. போனதும் சோறு கெடச்சிரும்."

கிழக்கே மண்பாதையில் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் தோட்டம். அக்காவும் மச்சானும் அதற்குள் வேலையில் இருந்தார்கள். முற்றிய பச்சைக் காயைப் பறிக்காமல் மரத்திலேயே விட்டு, மேலிருந்து கீழாக நாலு கீறல் போடுகிறார்கள். மூங்கில் குச்சியில் செருகிய பிளேடு. தோலுக்கு மேல் ஆழம் போகக் கூடாது. மருந்துக் கம்பெனிக்குப் போகும் பால் அலுமினியத் தட்டில் சொட்டுகிறது. காயிலேயே உறைந்ததை மெல்லிய மூங்கில் சிம்பால் வழித்துச் சேர்க்கிறார்கள். நாலு நாள் கழித்து அதே காயில் கீறாத இடமாகப் பார்த்து மறுபடியும்.

மச்சான் முன்பு லாரி ஓட்டியவர். "மத்தியப் பிரதேசத்துல அபினிக் காயையும் இப்படித்தான் கீறுவாங்க, கண்ணு. மத்தியானம் கீறி உட்டுட்டு, மக்யா நாள் காத்தால வழிச்செடுப்பாங்க."

"அந்தச் செடி இடுப்பளவுதான்னு நீங்கதான சொன்னீங்க? குனிஞ்சு கீறுனா கண்ணுல எப்படி உழும்? நமக்கு வாச்சது அண்ணாந்து பாக்கற மரம்" என்றாள் அக்கா.

வெயில் ஏறினால் பால் இறங்காது. அதனால் தொடங்கிய வரிசையை அங்கே யாரும் பாதியில் விடுவதில்லை. அன்று கண்ணில் விழுந்தபோதும் அக்கா முந்தானையால் துடைத்துக்கொண்டு, மீதிப் பதினேழு மரத்தையும் முடித்துவிட்டுத்தான் கண் கழுவக் கிணற்றுக்குப் போயிருக்கிறாள். அந்த முந்தானை முழுக்கப் பப்பாளிப் பால். பிறகு பிள்ளை பெற்றவள் ஒருத்தியிடம் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டார்களாம்.

அவளுடைய வலது கண்ணைப் பொத்தி, எத்தனை விரல் என்று கேட்டேன்.

"வெளிச்சம் தெரியுது. வெரலு தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன்?"

"இன்னைக்கே சேலம் வா அக்கா."

"இந்தச் சுத்து முடியட்டும், வாரேன்."

"இது முடியறதுக்குள்ள அடுத்த காய் முத்திரும்" என்றார் மச்சான். "நானும் சொல்லிப் பாத்துட்டேன். கூலிக்கு வாரவங்க ஒரு நாளைக்கு மேல நிக்கறதில்ல, பால் பட்டுக் கை வெந்து போயிருது. இவ தாங்கறாளேன்னு நானும் உட்டுட்டேன்."

10.15 பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன். நாள் போகப் போகக் கருவிழி வெளுத்துவிடும், வலது கண்ணையும் பார்த்தாக வேண்டும் என்று, நான் சொன்ன விவரத்தைக் கேட்டு டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அதே பதில். கடைசித் தடவை அவளுக்கு இடப்பக்கமாகப் போய் நின்றேன்; நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. என் பட்டத்தை வைத்துக்கொண்டு அவளை ஒரு பஸ்ஸில் ஏற்ற முடியவில்லை.

போகிறவர்கள் ஆறிலிருந்து ஒன்பதுக்குள் போங்கள். முழுக்கைச் சட்டை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காய்க்கு நேர் கீழே நிற்காதீர்கள். ஒரு பாட்டில் தண்ணீர் கையோடு இருக்கட்டும். பால் மேலே பட்டால் உடனே கழுவுங்கள்.

இன்னும் ஒன்று. கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உங்களில் யாராவது காரில் போனால், பார்த்து முடித்ததும் அக்காவை வண்டியில் ஏறச் சொல்லுங்கள். நான் கூப்பிட்டால் அடுத்த வாரம் என்பாள். வீடு தேடி வந்தவர்களிடம் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வராது. எந்த நாள் என்று முன்கூட்டி எனக்கு ஒரு வரி எழுதினால் போதும், சேலம் கண் ஆஸ்பத்திரி வாசலில் காலையிலிருந்தே நிற்பேன்.